குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பித் தரப்போகிறவர்களுக்கு



பாதி வாழ்நாளை நெய்வேலியில் என்.எல்.சி. நிலக்கரி நிறுவனக் குடியிருப்பில் கழித்துவிட்டு, ஓய்வுபெறும்போது கையில் வரும் தொகையில் நெல்லிக்குப்பத்தில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று எண்ணியிருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்த மடல். வாங்க வேண்டாம் என்று தடுப்பது இதன் நோக்கமில்லை. வங்கியில் கேட்க வேண்டியதைப் புரோக்கரிடமும், புரோக்கரிடம் கேட்க வேண்டியதை ஜோசியரிடமும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதனால்தான்.

டவுன்ஷிப் வீட்டில் குழாய் சொட்டினால் என்ன நடக்கும்? புகார் எழுதி வைப்பீர்கள். இரண்டு நாளோ நான்கு நாளோ கழித்து ஒரு ஆள் சைக்கிளில் வருவார். வாஷரை மாற்றுவார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். வாடகை சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளப்படும். அது எவ்வளவு என்று சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் நினைவுக்கு வரும். வீட்டு வரி என்ற சொல்லே டவுன்ஷிப்பின் வட்டங்களுக்குள் நுழைந்ததில்லை. 30 ஆண்டு இப்படி வாழ்ந்த ஒருவர் முழு வாடகைதாரரும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. சென்னையில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவருக்குப் பத்து வயதில் தெரிந்த சங்கதிகள் நெய்வேலிக்காரருக்கு 60 வயதில்தான் அறிமுகமாகின்றன. அதுவும் நேரே வீட்டுக்காரர் இருக்கையில் உட்கார்ந்தபடி.

ஏன் நெல்லிக்குப்பம் என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். என்.எல்.சி. நிறுவனம் 1956-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அன்று முதல் சுரங்கம் விரிந்துகொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களின் நிலம் அதற்குள் போய்க்கொண்டே இருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சைப் பயிரின்மேல் மண்வாரி இயந்திரம் ஓடிய காட்சியைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஆகவே சுரங்கத்தை ஒட்டிய கிராமத்தில் மலிவாக மனை கிடைக்கிறது என்றால், மலிவுக்குக் காரணம் கையகப்படுத்தும் அறிவிப்பாக இருக்கலாம். இது தெரிந்தவர்கள் வடலூர், பண்ருட்டி, கடலூர் என்று தள்ளிப் போய்த் தேடுகிறார்கள்.

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் இருக்கிறது நெல்லிக்குப்பம். நகராட்சி, ரயில் நிலையம், ஓயாமல் ஓடும் பேருந்து எல்லாம் உண்டு. பாரி நிறுவனம் 1842-இல் தொடங்கிய சர்க்கரை ஆலை இன்றும் ஊரின் அடையாளம். கடலூரை விட விலை இறக்கம் என்பதும், அங்கே வேலைக்குப் போகிறவர்கள் இங்கே வாடகைக்கு வருவார்கள் என்பதும் வாங்குவோரின் கணக்கு. முதல் பாதியைப் பத்திரம் பதியும்போதே சரிபார்த்துவிடலாம். இரண்டாம் பாதியை யாரும் சரிபார்ப்பதில்லை.

உங்களில் பலரை வீட்டு வாடகை இழுப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அரசு ஊழியரின் ஓய்வூதியம் உங்களுக்கு இல்லை. பி.எஃப். ஓய்வூதியத்தில் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு. உயர் ஓய்வூதியத்துக்கு விருப்பம் கொடுத்தவர்களை விட்டுவிட்டால், 35 ஆண்டு சேவைக்கும் அதன் சூத்திரப்படி கிடைப்பது மாதம் சுமார் 7,500 ரூபாய்தான். நிறுவனத்தின் பங்களிப்பு ஓய்வூதியம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் பி.எஃப். தொகையும், 20 லட்சம் வரை வரியில்லாத கிராஜுவிட்டியும் மொத்தமாகக் கையில் விழும். மொத்தப் பணம் பெரிது, மாதப் பணம் சிறிது. ‘மாதாமாதம் வாடகை வந்தால் பென்ஷன் மாதிரிதானே’ என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

அந்த எண்ணத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். கணக்குக்காக ஒரு ஃபோர்மனைப் படைத்துக்கொள்வோம். வயது 52. நெல்லிக்குப்பத்தில் 30 லட்சத்துக்கு ஒரு வீடு பார்க்கிறார். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம், 2,70,000 ரூபாய். எழுத்தர் கூலி, புரோக்கர் கமிஷன், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் பழுதுகள் எல்லாம் வேறு. அவற்றை விட்டுவிட்டாலும் வீட்டில் முடங்கிய பணம் 32,70,000.

மாதம் 9,000 ரூபாய்க்கு ஆள் வருகிறார் என்று வைப்போம். ஆண்டுக்கு 1,08,000. குடித்தனம் மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 99,000. சொத்து வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் காயில் கட்டியது, கழிவுநீர்த் தொட்டி எடுத்தது என்று 15,000 போனால் மிச்சம் 84,000. போட்ட பணத்துக்கு இது இரண்டரை சதவீதம் சொச்சம். அதே ஃபோர்மன் ஓய்வுக்குப் பிறகு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால்? அதன் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமானது, உச்சவரம்பும் 30 லட்சமாக உயர்ந்தது. 30 லட்சத்துக்கு அந்த வட்டி ஆண்டுக்கு 2,46,000. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய் கணக்கில் ஏறும். அந்தப் பணம் இரவு பத்து மணிக்கு போன் போட்டு ‘சார், தண்ணி வரல’ என்று சொல்லாது.

உடனே வரும் பதில் தெரிந்ததுதான்: ‘மனை விலை ஏறுமே!’ ஏறலாம். கால் நூற்றாண்டாக ஏறியும் இருக்கிறது. ஆனால் ஏறிய விலை விற்றால்தான் பணம். விற்க மனம் வராது, பெண்டாட்டி விடமாட்டார், பிள்ளைகள் ஒத்துவர மாட்டார்கள். வாடகை வருமானத்துக்காக வாங்குகிறேன் என்பவர் வாடகைக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். விலையேற்றத்துக்காக வாங்குகிறேன் என்றால் அதை வீட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் கலந்து பேசும்போதுதான் கணக்கு குளறுகிறது.

இனி கடன். ‘எவ்வளவு தருவீர்கள்?’ என்று கேட்டுத்தான் எல்லோரும் வங்கிக்குள் நுழைகிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம்; 30-இலிருந்து 75 லட்சம் வரை 80 சதவீதம்; அதற்கு மேல் 75. முத்திரைத்தாள், பதிவுச் செலவு இந்த மதிப்பில் சேராது. பத்து லட்சத்துக்கு உட்பட்ட வீட்டுக்கு மட்டும் விலக்கு. ஆக, அதிகபட்சக் கடனே வாங்கினாலும் ஃபோர்மன் கைக்காசு மூன்று லட்சமும் பதிவுச் செலவும் சேர்த்து ஐந்து லட்சத்து 70 ஆயிரமாவது வைத்திருக்க வேண்டும். அதையும் தனிநபர் கடனாகவோ நகைக்கடனாகவோ புரட்டுகிறவர்கள் உண்டு. அங்கே வீடு முழுக்க முழுக்கக் கடனில் நிற்கிறது.

சம்பளச் சீட்டு, சிபில் மதிப்பெண், வயது இவைதான் வங்கி பார்ப்பது. அந்த வீடு தன் கடனைத் தானே அடைக்குமா என்று அது கேட்பதில்லை. பிரிட்டனில் 1996-இல் வாடகைக்கு விடுவதற்கென்றே தனி வீட்டுக்கடன் வந்தது. அங்கே வரப்போகும் வாடகை, கடன் வட்டியைப் போல ஒன்றேகால் மடங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். நம் ஊரில் அந்தக் கேள்வியை வாங்குகிறவரேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். 9,000 ரூபாய் வாடகையை அந்த அளவுகோலில் வைத்தால், மாத வட்டி 7,200 ரூபாயைத் தாண்டக்கூடாது. 8.5 சதவீத வட்டியில் அது சுமார் பத்து லட்சம் கடன். வங்கி தரத் தயாராக இருப்பதோ 27 லட்சம்.

ஃபோர்மன் 20 லட்சம் கடன் கேட்கிறார் என்று வைப்போம். வட்டி 8.5. ஓய்வுபெற எட்டு ஆண்டு இருக்கிறது. எட்டே ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 28,800 ரூபாய். வாடகை 9,000 போக மீதி சம்பளத்திலிருந்து. ‘உங்க பையனை இணைக் கடனாளியாச் சேர்த்தா 20 வருஷம் தர்றோம் சார், தவணை 17,356-தான்’ என்பார் வங்கி மேலாளர். கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். 20 ஆண்டில் கட்டும் வட்டி மட்டும் 21 லட்சத்து 65 ஆயிரம்; வாங்கிய கடனை விட அதிகம். மகன் நாளை பெங்களூரிலோ சென்னையிலோ தனக்கென்று ஒரு ஃபிளாட் பார்க்கும்போது, அவன் பெயரில் ஏற்கெனவே ஓடும் இந்தத் தவணையைக் கழித்துத்தான் அவனுக்குக் கடன் கணக்கிடுவார்கள். நெல்லிக்குப்பத்து வீட்டுக்காகத் தன் வீட்டை ஐந்து ஆண்டு தள்ளிப்போட மகன் சம்மதித்தானா என்று எந்த வீட்டிலும் கேட்பதாகத் தெரியவில்லை. கையெழுத்து போடச் சொன்னால் போட்டுவிடுகிறார்கள், அப்பா ஆயிற்றே.

வட்டி நிலையானதும் இல்லை. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏறியது. மாறும் வட்டிக்கடன்கள் அதோடு ஏறின. தவணை ஏறாமல் காலம் மட்டும் நீண்டதால் பலர் கவனிக்கவே இல்லை. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது. வாடகையை ஒன்பது மாதத்தில் அந்த வேகத்தில் ஏற்ற முடியுமா? குடியிருப்பவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

நல்ல சேதியும் உண்டு. தனிநபர் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் போட முடியாது. 2012 முதல் அந்த விதி. கிராஜுவிட்டி வந்த வாரமே கடனை முடித்துவிடலாம். முடித்த 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து. கடனோடு சேர்த்து ஒரு காப்பீட்டுப் பாலிசியை மேசைமேல் வைப்பார்கள். வேண்டுமானால் வாங்கலாம், கடனுக்கு அது கட்டாயம் என்றால் எழுத்தில் கேளுங்கள், பேச்சு மாறும். வரிச்சலுகையை நம்பிக் கடனைப் பெரிதாக்கவும் வேண்டாம். புதிய வரி முறையில் வாடகை வீட்டு நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையிலும் ஆண்டுக்கு இரண்டு லட்சம்தான் எல்லை.

வங்கிக்குப் போகாத ஒரு கடன் வழியும் இந்தப் பக்கத்தில் உண்டு. போக்கியம், இப்போதைய பேச்சில் ‘லீஸ்’. குடிவருபவர் மொத்தமாக நான்கு லட்சமோ ஐந்து லட்சமோ கொடுப்பார். மாத வாடகை இல்லை. காலிசெய்யும்போது முழுப் பணமும் திரும்ப வேண்டும். வீடு வாங்கக் குறையும் பணத்தை இப்படித் திரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த லீஸ்காரர் பணத்தை வாங்கித்தான் முந்தையவருக்குத் தருவார்கள். நடுவில் ஆள் கிடைக்காவிட்டால் கந்துவட்டிக் கடைதான். போதாக்குறைக்கு அந்த வீடு வங்கியில் அடமானத்தில் இருக்கும். வங்கிக்கும் தெரியாது, லீஸ்காரருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். போக்கியம் முறையாகப் பதியப்பட வேண்டிய அடமானம் என்பதும், 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிய லீஸ் நீதிமன்ற வாசலில் முக்கால் உயிரை விட்டுவிடும் என்பதும் சண்டை வந்த பிறகே தெரியவருகிறது. ஓய்வுபெற்றவர் தொடக்கூடாத கடன் ஒன்று உண்டென்றால் இதுதான். திருப்பித்தர வேண்டிய நாள் அவர் கையில் இல்லை.

பத்திரச் சங்கதியில் நெய்வேலிக்காரர்கள் உஷாராகவே இருக்கிறார்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். ஒன்று மட்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடைபோட்டதும், 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்ததும் நினைவிருக்கும். 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்குத்தான் அந்த வழி. ‘அப்ரூவல் வந்துடும் சார்’ என்ற எதிர்காலச் சொல்லுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது சுவரைப் பாருங்கள். வரவேற்பறையில் புது வண்ணம் மின்னும். பின்கட்டில் குளியலறைக்கு வெளியே வண்ணக்காரர் கை போகாத இடம் ஒன்று இருக்கும். முழங்கால் உயரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு நேராக ஓடுகிறதா? சுவிட்ச் பெட்டிகள் எல்லாம் வழக்கத்தைவிட ஒரு முழம் மேலே ஏறியிருக்கின்றனவா? பழைய பெட்டி இருந்த இடத்தில் சிமெண்ட் பூசிய சதுரம் தெரிகிறதா? தென்பெண்ணையும் கெடிலமும் இந்த வட்டாரத்தின் ஆறுகள். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர் மாவட்டம் பட்டது எல்லோரும் அறிந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் விடியுமுன் தண்ணீரில் நின்றன. அதற்கும் முன்னால், 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. மேட்டு நிலத்து டவுன்ஷிப்பில் இருந்தவர்களுக்கு வெள்ளம் என்பது செய்தி. ஆற்றோரத்து வீட்டின் உரிமையாளருக்கு அது இரண்டு மாத வாடகை இழப்பு, ஒரு மோட்டார், ஒரு கதவு. தரகர் சொல்லமாட்டார், தெருமுனை டீக்கடையில் ஒரு டீ குடித்தால் தண்ணீர் எதுவரை வந்தது என்று கையை வைத்தே காட்டுவார்கள்.

அதே டீக்கடையில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: இந்தத் தெருவில் யார் வாடகைக்கு வருகிறார்கள்?

இதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். மாற்றலாகி வரும் ஆசிரியரும் வங்கி ஊழியரும் தேடுவது வேறு வீடு: பள்ளிக்கு நடக்கும் தூரம், இரண்டு படுக்கையறை, கார் நிறுத்த இடம். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்து பார்ப்பது வேறு: பேருந்து நிறுத்தம் பக்கம், மொட்டைமாடி, கேள்வி கேட்காத வீட்டுக்காரர். கரும்பு அரவைப் பருவத்தில் வருகிறவர்கள் பருவம் முடிந்ததும் போய்விடுவார்கள். உங்கள் மனைவிக்குப் பிடித்த வீட்டை நீங்கள் வாங்குகிறீர்கள். அங்கே குடியிருக்கப் போவது உங்கள் மனைவி இல்லை.

வட மாநிலத் தொழிலாளர்களுக்கு ஆள் கணக்கில் விட்டால் வாடகை இரட்டிப்பாகும் என்று சொல்வார்கள். இரட்டிப்பாகத்தான் செய்யும். இரண்டு அறையில் பத்துப் பேர் என்றால் கழிவுநீர்த் தொட்டியும் அதே வேகத்தில் நிரம்பும். அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர் யார், அவருடைய எண் என்ன, பணம் யார் தருகிறார் என்று தெரிந்துகொண்டு, ஆதார் நகலோடு ஒப்பந்தமும் எழுதிக்கொண்டு விடுவதில் தவறில்லை. ஆனால் ஒப்பந்தம் இல்லாமல், பாதுகாப்பு இல்லாமல், மனிதர் உட்கார இடமில்லாத அறைக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதைத் தொழில் என்று சொல்லக் கூசுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நகரியத்தில் வீடு பதவி, பணிமூப்பு பார்த்துக் கிடைத்தது. பக்கத்து வீட்டில் எந்த ஊர்க்காரர், எந்தச் சாதிக்காரர் என்று நிர்வாகம் உங்களைக் கேட்டுச் சாவி கொடுக்கவில்லை. வெளியே வந்து சொந்த வீட்டுக்குப் பலகை மாட்டியதும் ‘நீங்க எந்த ஆளுங்க?’ என்ற கேள்வி முன்னாள் நெய்வேலிக்காரர் வாயிலும் வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியால் திரும்பிப் போகிறவர்களை எண்ணிக்கொண்டு, வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களையும் எண்ணிப் பார்த்தால் அதன் விலை தெரியும். விலையே இல்லாவிட்டாலும் அது கேட்கத் தகாத கேள்விதான்.

ஆள் வந்த பிறகு சட்டம். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. நகராட்சி என்பதால் நெல்லிக்குப்பத்துக்கும் அது பொருந்தும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால்தான் எல்லோரும் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். புதிய சட்டத்துக்கு அந்தத் தந்திரம் செல்லாது: 11 மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு உண்டு. ஒப்பந்தமே எழுதாமல் இருந்தால் அதுவே காலிசெய்யக் கேட்க ஒரு காரணமாகும் என்பது இந்தச் சட்டத்தின் விசித்திரம். இரு பக்கத்துக்கும் அது இடைஞ்சல்.

முன்பணம் மூன்று மாத வாடகை என்பது சட்டம் வைக்கும் பொது அளவு. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்ட காலத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே கேட்காதீர்கள். காலிசெய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தைத் தொட்டு மகளுக்குச் சீர் செய்துவிட்டு, ‘அடுத்த ஆள் வரட்டும், தர்றேன்’ என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் ஏராளம். வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள். வாடகை தரவில்லை என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக்கூடாது. அது சட்டப்படி குற்றச்சாட்டாக உங்கள் மேலேயே திரும்பும். இரண்டு மாதம் பாக்கி வைத்தவருக்கு நோட்டீஸ் கொடுத்து வாடகை நீதிமன்றம் போகும் வழி இருக்கிறது. பியூஸைப் பிடுங்குவது வழியில்லை.

மின்சாரம் என்றதும் ஒரு சின்ன விஷயம், பெரிய சண்டைகளின் மூலம். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கீழ்ப் பகுதி, மேல் பகுதி என்று இரண்டு குடித்தனம் விட்டு, ஒரே இணைப்பில் சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால், அந்த இலவச யூனிட் யாருக்குப் போயிற்று என்று வாடகைதாரர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். தனித்தனி இணைப்பு இருக்கிற வீடாகப் பார்த்து வாங்குவது, இல்லாவிட்டால் வாங்கியதும் போடுவது, பல மாலை நேரங்களை மிச்சப்படுத்தும்.

மறுபடியும் அந்தக் குழாய்க்கு வருவோம். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை, சுவரில் விரிசல், வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் வண்ணம், தண்ணீர் பைப் மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் வாஷர், குழாய், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பிளக், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆக டவுன்ஷிப்பில் நிர்வாகம் வந்து மாற்றிக் கொடுத்த அந்த வாஷர், சட்டப்படி குடித்தனக்காரர் பாடு. சுவருக்குள் ஓடும் பைப் வெடித்தால் உங்கள் பாடு. அட்டவணையை நகலெடுத்து ஒப்பந்தத்தோடு குத்தி இரண்டு பேரும் கையெழுத்து போட்டால், பாதி போன் அழைப்புகள் வராது. மீதி பாதி வரும். புகார்ப் பதிவேடு இனி உங்கள் கைப்பேசிதான்.

அதனால் ஒரு யோசனை. புரோக்கர்களுக்குப் பிடிக்காது. ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்தே ஆக வேண்டும். எங்கேயாவது போய்த்தான் இருக்க வேண்டும். நெல்லிக்குப்பத்தில், நீங்கள் வாங்க நினைக்கும் அதே தெருவில், 11 மாதத்துக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். மூன்று மாத அட்வான்ஸ் கொடுங்கள், ஒப்பந்தம் எழுதுங்கள், பதியச் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்காரர் முகம் போகும் போக்கைக் கவனியுங்கள். பணம் அதுவரை வங்கியில் வட்டி சேர்த்துக்கொண்டிருக்கட்டும். ஆவணியில் குடிபோனால் ஐப்பசி மழையும் கார்த்திகைப் புயலும் அங்கேயே பார்த்துவிடுவீர்கள். கரும்பு லாரிகளும் டிராக்டர்களும் சாலையில் வரிசை கட்டும் அரவை நாட்களில் கடலூர் பேருந்து எவ்வளவு நேரம் எடுக்கிறது, கோடையில் நகராட்சிக் குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, பக்கத்து வீட்டு ‘டு-லெட்’ பலகை எத்தனை வாரம் தொங்குகிறது என்பதெல்லாம் ஒரு சுற்றில் தெரிந்துவிடும். குழாய் சொட்டும்போது வீட்டுக்காரருக்கு போன் போடுங்கள். அவர் எத்தனையாவது அழைப்பில் எடுக்கிறார் என்று எண்ணுங்கள்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டத்திலிருந்து உங்கள் அக்கம்பக்கத்தவர்

பி.கு.: இந்த மடலை மகனுக்கோ மகளுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள், இணைக் கடனாளி பற்றிய பத்தியை முதலில் தாங்கள் ஒரு முறை படித்துவிட்டு அனுப்பவும். அதைப் படித்ததும் அங்கிருந்து ஒரு அழைப்பு வரக்கூடும்.